வரிசையில் நின்றவர்

எங்கள் ஆபீஸ் லிப்டில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. அதன் நாலு கால்களில் ஒன்று சற்றுக் குட்டை. அதற்கடியில் பழைய ஃபைல் அட்டை ஒன்றை மடித்துச் செருகியிருப்பார் லிப்ட்காரர். காலை பத்து மணிக்கு அதில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து வரை ஐந்து மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். பொத்தான்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் அவருடைய ஒரு காதும் பாதிக் கன்னமும்தான் எங்களுக்குத் தெரியும். யார் ஏறினாலும் திரும்ப மாட்டார். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நாலாவது மாடிக்கு அழுத்திவிடுவார். திரும்பிப் பார்க்காமலே இவருக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். எதில்தான் எனக்குச் சந்தேகம் இல்லை? பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டின் தேதியைப் பார்ப்பவன் நான். கோயிலில் பாயசம் வாங்கினால் பக்கத்தில் இருப்பவரின் கிண்ணத்தையும் பார்ப்பேன்.

இது எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரத்து வீடு, நெற்றியில் விபூதி, அரசாங்க உத்தியோகம், இவ்வளவையும் வைத்துக்கொண்டு குடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது. சட்டைப்பையில் ஏலக்காய், மேஜை இழுப்பறையில் பெருஞ்சீரகம், பையில் எப்போதும் ஒரு சின்ன டூத்பேஸ்ட். திருவனந்தபுரம் முழுவதையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. சாயங்காலம் வாசற்படியில் கால் வைத்ததும் என் மனைவி எதிரே வந்து நிற்பாள். "ஒண்ணு ஊதுங்கோ" என்பாள். ஊதுவேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். பேசாமல் போகிறவளை என்ன செய்வது? ஒரு நாள் மட்டும் பேசினாள். "இனி ஒரு தடவை தாங்க மாட்டேன், கேட்டேளா? குழந்தையைக் கூட்டிண்டு பாலக்காட்டுக்கு எங்க அப்பா ஆத்துக்குப் போயிடுவேன்." அவள் சொன்னதைச் செய்கிறவள். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வாரத்தில் ஒரு காலை, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றது. பழுதாகிவிட்டதோ என்று பார்த்தால், லிப்ட்காரரின் விரல் சிவப்புப் பொத்தானில் இருந்தது. உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் திரும்பவில்லை.

"சாரே, வியாழாழ்ச்ச சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஒரு இடத்துக்குப் போவேன். சாரும் வர்றீங்களா?"

"எதுக்கு?"

"குடிக்காம இருக்கிறதுக்கு."

மறுபடியும் பொத்தானை அழுத்தினார். லிப்ட் ஏறியது. நாலாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டு, நகரத்தின் நடுவில் ஒரு சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதன் பின்வாசலுக்கும் வழிசொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இவருக்கு என்ன வந்தது? போனக்காட்டில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். எஸ்டேட் நொடித்தபோது மலை இறங்கி வந்து, தினக்கூலியாக இருந்து, பிறகு நிரந்தரமானவர். எனக்கும் அவருக்கும் 'நாலாவது மாடி' என்பதைத் தவிரப் பேச்சே இருந்ததில்லை. என் மனைவி ஆள் பிடித்து ஏற்பாடு செய்திருப்பாளோ என்று முதலில் தோன்றியது. பிறகு, போன வருஷம் இவர்கள் யூனியன் வேலைநிறுத்தத்தில் நான் சேராததற்குப் பழிவாங்கல் என்று பட்டது. சர்ச் என்றாரே, ஒருவேளை என்னைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறாரோ என்றும் யோசித்தேன். புதன்கிழமை மாலை போய் இடத்தை நோட்டம் விட்டேன். வியாழக்கிழமைகளில் இங்கே என்ன நடக்கிறது என்று காவலாளியைக் கேட்டேன். "ட்யூஷனாக்கும். பெரியவங்களுக்கு" என்றார். அந்தப் பதிலும் எனக்குத் திருப்தியாக இல்லை. குடியை விடுவதற்காக நான் அங்கே போகவில்லை, சதியைக் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

அது மழலை வகுப்பறை. முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி சின்னச் சின்ன பெஞ்சுகள். சுவரில் யானை, மாம்பழம், குடை என்று படங்கள், கீழே கொட்டை எழுத்தில் மலையாள அட்சரங்கள். குடியை விடப் பார்க்கிற பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு ஆட்டோக்காரர், ரிட்டயரான ஒரு வாத்தியார், கட்டட வேலைக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர். லிப்ட்காரர் மூலையில் நின்று பிளாஸ்க்கிலிருந்து டம்ளர்களில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கினேன். "சாயாதான் சாரே" என்றார். பெயரை மட்டும் சொன்னால் போதும், ஊரோ வேலையோ வேண்டாம் என்றார்கள். நான் என் மாமனாரின் பெயரைச் சொன்னேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அவர் பெயரால் 'நான் ஒரு குடிகாரன்' என்று எழுந்து சொன்னபோது, மனதின் ஓரத்தில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. பதினைந்து பேரும் ஒரே குரலில் மாமனாரின் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஆபீஸில் என் நிஜப் பெயரை எத்தனையோ சுற்றறிக்கைகளில் பார்த்திருந்த லிப்ட்காரரும் கண்ணிமைக்காமல் அந்தப் பெயரையே சொன்னார்.

அவர்களுடைய வழக்கங்கள் எல்லாமே எனக்கு விநோதமாக இருந்தன. ஒருவர் தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். மற்றவரைக் கேள்வி கேட்கக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. தெருவில் பார்த்தால் அவராகப் பேசினால் ஒழிய நாமாகத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. யார் எப்போது கூப்பிட்டாலும் போய் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே கேட்டதும் பார்த்ததும் அந்த அறையின் கதவைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் துளியும் நம்பவில்லை. அரசாங்க ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். ரகசியம் என்று முத்திரை குத்திய ஃபைல்தான் முதலில் கேன்டீனுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். எவனாவது சிரிக்கிறானா, நான் வந்ததும் பேச்சை நிறுத்துகிறானா என்று கவனிப்பேன். யாரும் எதுவும் செய்யவில்லை. அதனால் சந்தேகம் கூடியது.

ஆனாலும் நான் குடிக்காமல் இருந்தேன். பத்து நாள், இருபது நாள், ஐம்பது நாள். எப்படி என்று எனக்கே தெரியாது. என் மனைவிக்கு அது இன்னும் பெரிய புதிராக இருந்தது. தினமும் ஊதச் சொன்னாள், மோந்து பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். "வாசனை வராத சாதனம் எதையோ கண்டுபிடிச்சிருக்கேளாக்கும்" என்றாள். சந்தேகத்தில் எனக்கு ஈடுகொடுக்கும் ஒரே ஆள் அவள்தான்.

ஐம்பத்தெட்டாம் நாள் ஒரு திங்கட்கிழமை. மழை. ஆபீஸில் ஏதோ வாக்குவாதம். குடிப்பதற்குக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறாமல், பிவரேஜ் என்கிற அரசாங்க மதுக்கடை இருக்கும் சந்துக்குப் போய் எதிர்ச்சாரியில் ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். எங்கள் ஊரில் ஜனங்கள் இடிக்காமல் முந்தாமல் நிற்பது அந்த வரிசையில்தான். அடையாளம் தெரியக் கூடாது என்று சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்பார்கள். அப்படிக் கறுப்பு ஹெல்மெட்டும் அதில் ஏதோ மஞ்சள் ஸ்டிக்கருமாக நின்ற ஒருவருக்குப் பக்கத்தில், கவுன்டருக்கு ஐந்தாறு பேர் பின்னால், நனைந்த சட்டையோடு லிப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது கோபம் இல்லை. இன்றைக்கு வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அது ஆனந்தம். நான் நினைத்தது சரி என்ற ஆனந்தம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற நான், அன்றைக்கு ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இவரே குடிக்கிறார், பிறகு எனக்கு என்ன என்று அடுத்த தெருவிலிருந்த பாருக்குள் நுழைந்தேன். வீட்டு வாசலில் மனைவி ஊதச் சொன்னாள். ஊதினேன். மறுநாள் காலை ரயிலில் குழந்தையோடு பாலக்காட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். "நம்ம லிப்ட்காரரை நேத்து பிவரேஜ் வரிசையில பார்த்தேன்." இவ்வளவுதான் சொன்னேன். மாலைக்குள் அது ஐந்து மாடியும் ஏறி இறங்கிவிட்டது. அவர் முன்னொரு காலத்தில் குடித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றார்கள். லிப்டில் தள்ளாடினார் என்றார்கள். பார்த்ததாகச் சத்தியம் செய்யவும் இரண்டு பேர் கிடைத்தார்கள். வியாழக்கிழமை கூட்டத்துக்கு நான் போனது அவரை அம்பலப்படுத்தத்தான். என் முறை வந்ததும் எழுந்து, "இங்கே சாயா ஊத்திக் கொடுக்கிற ஒருத்தர் திங்கட்கிழமை எங்கே நின்னார்னு கேளுங்கோ" என்றேன். யாரும் கேட்கவில்லை. தன்னைப் பற்றி மட்டும் பேசும்படி வாத்தியார் மெதுவாக ஞாபகப்படுத்தினார். லிப்ட்காரர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"நின்னேன். வாங்கல. குடிக்கல. வேற ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அறையில் இருந்தவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதே வாக்கியத்தை இதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதற்குள் ஆபீஸில் யாரோ மொட்டைக் கடிதாசு போட்டிருந்தார்கள். எங்கள் செக்‌ஷன் சூப்ரண்டு, கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர், குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். மெமோவும் அவர் கையாலேயே கொடுக்கப்பட்டது. லிப்ட்காரர் விளக்கத்திலும் கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் எழுதினாராம். அவரை லிப்டிலிருந்து எடுத்துப் பின்கட்டில் இருந்த ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். தூசும் பூஞ்சையும் மண்டிய, ஜன்னல் இல்லாத அறை. போகும்போது ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போனார். நான் என் மேஜையிலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையிலிருந்த ஃபைலைப் பிரித்தேன்.

இரண்டு வாரம் விடாமல் குடித்தேன். காலி வீட்டில் ஊதச் சொல்லவும் ஆள் இல்லை. மூன்றாவது வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டு கேட்டில் சத்தம் கேட்டது. லிப்ட்காரர் குடையோடு நின்றார். "வாங்க சாரே, பஸ் வந்திரும்" என்றார். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகத்திலும் ஒன்றும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வருகிறார் என்றால் இதில் ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். அன்றிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று நாள் எண்ணத் தொடங்கினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கூட்டம் தொடங்கிய பிறகு கதவு திறந்தது. லிப்ட்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வந்தவர் எங்கள் சூப்ரண்டு. என்னைப் பார்த்து அவரும் அவரைப் பார்த்து நானும் வெலவெலத்துப் போனோம். அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர் என்னை மாமனார் பெயரால் அழைத்து, "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க" என்றார். சூப்ரண்டு என் பக்கத்தில் அந்தச் சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து, கையிலிருந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு ஹெல்மெட், பின்பக்கம் பாதி உரிந்த மஞ்சள் ஸ்டிக்கர். அதை எங்கே பார்த்தேன் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

அவர் மலையாளத்தில் பேசினார். லிப்டை நிறுத்தித் தன்னையும் ஒரு நாள் இவர் அழைத்ததாகவும், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். ஒரு திங்கட்கிழமை மழையில் வரிசையில் நின்றுகொண்டு அந்த நம்பரைக் கூப்பிட்டாராம். இனி ஒரு பாட்டில் தொட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். கால் மணி நேரத்தில் இவர் வந்துவிட்டாராம். இழுக்கவில்லை, கெஞ்சவில்லை. பக்கத்தில் நின்றாராம். வரிசை நகர்ந்தால் கூடவே நகர்ந்தாராம். நடுவில் புகுகிறார் என்று பின்னால் நின்றவர்கள் வைததையும் வாங்கிக்கொண்டாராம். கவுன்டரில் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டபோது சூப்ரண்டுக்கு வாய் வரவில்லை. லிப்ட்காரர் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல், கவுன்டர் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "எத்தனாவது மாடி சாரே?" என்று கேட்டாராம். அங்கேயே சிரிப்பும் அழுகையுமாக வந்து, இரண்டு பேரும் வரிசையை விட்டு வெளியே வந்தோம் என்றார். "அதற்குப் பிறகு இந்த மனிதருக்கு எதிராக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதை என் கையாலேயே கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் பின்வாசலில் லிப்ட்காரரைப் பிடித்துக்கொண்டேன். மெமோ வந்தபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரு பேரைச் சொல்லி நான் தப்பிச்சா, நாளைக்கு சாரு பேரையும் சொல்ல மாட்டேன்னு என்ன உறப்பு, என்ன நிச்சயம்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு முகமாகத் துழாவினேனே, ஆபீஸில் ஒருவருக்கும் என் விஷயம் தெரியாது. நான் அவரை ஐந்து மாடிக்கும் விற்ற பிறகும் தெரியாது. என்னைக் காத்ததும் அவரைக் கவிழ்த்ததும் ஒரே விதி. நான் அழுதேன். அவர் சாயா டம்ளர்களைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கூட்டத்தில் எழுந்து என் நிஜப் பெயரைச் சொன்னேன். எல்லோரும் அந்தப் பெயருக்கும் அதே குரலில் வணக்கம் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் அவர் ரெக்கார்டு ரூமிலிருந்தே ரிட்டயரானார். எங்கள் ஹாலில் சிப்ஸும் லட்டும் வைத்துப் பிரிவு உபசாரம். சூப்ரண்டுதான் தலைமை. பொன்னாடை போர்த்தும் சமயத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "இனிமே எந்த வரிசையிலயும் நிம்மதியா நிக்கலாம், மெமோ வராது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லிப்ட்காரரும் சிரித்தார். நான் எழுந்துவிட்டேன். "அந்தக் கதையைக் கிளப்பினது நான். அவர் குடிக்கலை. குடிகாரன் நான்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் என்னைக் கூட்டிண்டு போய்க் குடிக்காம வச்சிண்டிருக்கிறது இவர்" என்றேன். அதே ஆள்தான் கேட்டார்: "அப்போ அன்னைக்கு வரிசையில எதுக்கு நின்னார்?"

என்னைப் பற்றி நான் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சூப்ரண்டின் பக்கம் பார்க்கக் கூடாது என்று சிப்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையின் ஓரத்தில் அவர் கைகள் பொன்னாடையை மடித்தன, பிரித்தன, மறுபடி மடித்தன. அவர் இப்போது பேசுவார், இதோ பேசுவார் என்று காத்திருந்தேன். பேசியது லிப்ட்காரர். "மழை பெய்ஞ்சுதில்லா சாரே, ஒதுங்கி நின்னேன்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஒருவர்கூட அதை நம்பவில்லை. ஒரு குடிகாரருக்குப் பதில் இரண்டு குடிகாரர்கள் என்று ஆபீஸ் முடிவுகட்டியது, அவ்வளவுதான் என்னால் ஆனது.

சூப்ரண்டு என்று நான் எழுதுவது சூப்ரண்டாக இருக்க வேண்டியதில்லை, நாலாவது மாடி நாலாவதாகவும் இருக்க வேண்டியதில்லை. யாரும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அவர் இன்றும் வியாழக்கிழமைகளில் வருகிறார். டம்ளர்களை அவர்தான் கழுவுகிறார், யாரையும் தொட விடுவதில்லை. அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. லிப்ட்காரர் போனக்காட்டுக்கே திரும்பிப் போய், எஸ்டேட் தொழிலாளர்களின் பழைய லயத்து வீட்டில் இருக்கிறார். மலையிலிருந்து பஸ் இறங்குகிற வியாழக்கிழமைகளில் வருவார். என் மனைவி ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வாசலில் ஊதச் சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை. நானும் ஊதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

இப்போது ஆபீஸில் புது லிப்ட். சுற்றிலும் கண்ணாடி. எந்த மாடி என்று ஒரு பெண் குரல் தானே சொல்கிறது. ஸ்டூல் ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது, மேலே கட்டுக் கட்டாக ஃபைல். நான் லிப்டில் ஏறினால் ஸ்டூல் இருந்த மூலையில்தான் நிற்பேன். போன வாரம் கொல்லத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் என்னோடு ஏறினார். பேச்சுக் கொடுப்பதற்காக, "முன்னாடி இங்க ஒரு லிப்ட்காரர் இருந்தாராமே, பிவரேஜ் வரிசையில பிடிபட்டு வேலை மாத்தினாங்களாமே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். லிப்ட்காரரைப் பார்த்திராத ஆளுக்குக்கூடக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. "அது பொய். கட்டிவிட்டவன் நான். அவர் குடிக்கலை" என்றேன்.

"அப்புறம் எதுக்கு வரிசையில நின்னாராம்?"

"அதை நான் சொல்ல முடியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சற்றே என் பக்கம் சாய்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வருஷம் ஊரையெல்லாம் நான் பார்த்த பார்வை அது. மூலையில் நின்றபடியே, அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து நன்றாக ஒரு தடவை ஊதினேன்.